சுலைமான் மகன் நயீம்

(எங்க ஜிம்மோட ஆண்டு விழாவுல பேசினது. தம்பி ஒருத்தர் ஃபோன்ல ரெகார்ட் பண்ணி டைப் அடிச்சுக் குடுத்தாரு, அங்கங்க வாய் குழறின எடத்த மட்டும் திருத்தியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மைக் இரையுது, பரவால்ல, இருக்கட்டும், பளுதூக்குறவன் பேச்ச எவன் காது குடுத்துக் கேக்கப்போறான். பெரியவங்க, பெத்தவங்க, முன்னாடி தரையில சம்மணம் போட்டு உக்காந்திருக்கிற தம்பி தங்கச்சிங்க, உங்களுக்குத்தான் இந்தப் பேச்சு. பதினஞ்சு நிமிஷம் குடுத்திருக்காங்க, இருபதாவும், இப்பவே சொல்லிடறேன்.

போன வாரம் ஒரு பையன் எங்கிட்ட வந்து அண்ணே சர்டிஃபிகேட்ல என் பேரு தப்பா இருக்கு, திருத்திக் குடுக்கச் சொல்லுங்கன்னான். நான் விட்றா, மெடல் சரியா இருக்குல்லன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு ராத்திரி தூக்கம் வரல. ஏன்னா எனக்கே அப்படி ஒண்ணு நடந்திருக்கு, ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாவட்டப் போட்டியில மூணாவது எடம் வந்தேன், எதுன்னு சொல்ல மாட்டேன், சர்டிஃபிகேட் வாங்கிப் பாத்தா என் பேர்ல ஒரு எழுத்து மாறி பொம்பளப் பேரா ஆயிருந்துச்சு. எங்கம்மா அதை ஃப்ரேம் போட்டு மாட்டியே தீருவேன்னு நின்னாங்க, வீட்டுக்கு வர்றவன் எல்லாம் படிச்சுட்டு என்னைப் பாத்து சிரிப்பான். ஒரு எழுத்துக்கே எனக்கு அவ்ளோ எரிச்சல். மொத்தப் பேரையும் கவர்மெண்டே மாத்திட்டா? அப்படி கவர்மெண்டே பேர மாத்திவிட்ட ஒரு ஆளப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறேன்.

நயீம் சுலைமானோலு, பளுதூக்குற வீரர். துருக்கிக்காரங்க எழுதும்போது நடுவுல ஒரு g போட்டு அதுமேல ஒரு கொக்கி போடுவாங்க, அதை உச்சரிக்க மாட்டாங்க. ஓலுன்னா மகன். சுலைமானோட மகன் நயீம், அவ்ளோதான். நம்ம ஊர்லயா இருந்தா எஸ்.நயீம்னு எழுதி முடிச்சிருப்போம். அப்பா பேரு நமக்கு முன்னாடி வருது, அவங்களுக்குப் பின்னாடி வருது. நம்ம ஆளுங்க யாரையாவது பாத்து உன் இனிஷியல மாத்துடான்னு சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க, அப்பத்தான் இந்தக் கதை புரியும்.

1967 ஜனவரி 23, பல்கேரியாவுல தெக்குப் பக்கம் கர்ஜாலி மாகாணத்துல ப்டிச்சார்னு ஒரு குக்கிராமம், அங்க பொறந்தாரு. பல்கேரியாவுல பொறந்தாலும் வீட்ல பேசுறது துருக்கி. ஆட்டோமான் காலத்துல இருந்து தலைமுறை தலைமுறையா அங்கேயே இருக்கிற ஜனங்க, பொழைக்கப் போனவங்க இல்ல. ஆள் வளந்தது மொத்தமே 147 சென்டிமீட்டர். இதோ இந்த மைக் ஸ்டேண்ட் அளவு. ஸ்கூல்ல வரிசையில மொதல்ல நிக்க வெப்பாங்கள்ல, அந்த உயரம். பின்னாடி உலகமே பாக்கெட் ஹெர்குலிஸ்னு கூப்பிட்டுச்சு. நம்ம வங்காளத்து மனோகர் ஐச்சுக்கும் இதே பட்டப்பேர்தான், அவரு பாடிபில்டர், 1952ல மிஸ்டர் யுனிவர்ஸ், நூறு வயசு தாண்டி வாழ்ந்தவரு. நயீமுக்கு அந்த ஆயுசு கெடைக்கல, அதுக்கு அப்புறம் வரேன்.

குட்டையா இருந்தா பளு தூக்க நல்லதான்னு பெத்தவங்க எப்பவும் கேக்குறீங்க. தூக்கிட்டே இருந்தா பையன் வளராம போயிடுவானான்னும் கேக்குறீங்க. ரெண்டாவது கேள்விக்குப் பதில், தூக்குறதால குட்டையாவுறது இல்ல, குட்டையா இருக்கிறவன் இதுல தாக்குப்பிடிக்கிறான், அதனால நம்ம கண்ணுக்கு அப்படித் தெரியுது. மொத கேள்விக்கு ஆமா, ஒரு அளவுக்கு. பார், அதான் எடை மாட்டுற கம்பி, தரையிலேர்ந்து தலைக்கு மேல போகணும், குட்டையானவனுக்கு அந்த தூரம் கம்மி. அதோட ஒரே உடம்பு எடை குட்டையான உடம்புல இருந்தா சதை தடிமனா நிக்கும். ஆனா அதை மட்டும் வெச்சு சாம்பியன் ஆக முடியும்னா எங்க தெருவுலயே நாலு சாம்பியன் இருக்கணும்.

பத்து வயசு வாக்குல பயலப் புடிச்சு பளுதூக்க வெச்சாங்க. பதினாறு வயசுல உலக ரெகார்டு. ஜூனியர் ரெகார்டு இல்ல, பெரியவங்க ரெகார்டு. இங்க பதினாறு வயசுப் பையனுங்க கை தூக்குங்க பாப்போம். ம், போதும், கீழ போடுங்க.

அந்தக் காலத்து பல்கேரியா டீம் எப்படின்னா, கோச் பேரு இவான் அபாஜியெவ். அந்த ஆளோட மெதடு இப்பவும் யூடியூப்ல ஓடிட்டு இருக்கு, நீங்களும் பாத்துட்டு வந்து எங்கிட்ட சண்டை போடுறீங்க. போட்டியில வர்ற ரெண்டு தூக்கு, ஸ்நாட்ச், க்ளீன் அண்ட் ஜெர்க், அதை அப்புறம் விளக்குறேன், அதோட பார முன்தோள்ல வெச்சு உக்காந்து எழுற ஃப்ரண்ட் ஸ்குவாட், ஏறக்குறைய இவ்ளோதான் பயிற்சி. ஒரு நாளைக்குப் பல தடவ ஹாலுக்கு வரணும், வர்ற ஒவ்வொரு நாளும் அன்னிக்கு முடியுற உச்ச எடைக்குப் போகணும். இன்னிக்கு லைட், நாளைக்கு ஹெவிங்கிற பேச்சே கெடையாது. மொத்த நாட்டையும் சலிச்சு எடுத்த பசங்க, அதுல முட்டி போனவன், முதுகு போனவன் எல்லாம் சத்தமில்லாம வீட்டுக்குப் போயிடுவான், தாங்கினவன மட்டும்தான் நமக்கு டிவியில காட்டுனாங்க. அதனால தயவுசெஞ்சு அதை இங்க ட்ரை பண்ணாதீங்க. நான் ட்ரை பண்ணேன், ஆறே வாரம், இடது மணிக்கட்டு இன்னிக்கும் மழைக்காலத்துல பேசும்.

1984ல லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ். சோவியத் பக்கம் இருந்த நாடுங்க பெரும்பாலும் போகல, பல்கேரியாவும் போகல. நயீமுக்கு 17 வயசு. போகாத நாடுங்களுக்குன்னு தனியா ஒரு போட்டி நடத்துனாங்க, பளுதூக்குதல் பல்கேரியாவுல வார்னாங்கிற ஊர்ல நடந்துச்சு. உடம்பு எடை 56 கிலோ பிரிவுல, ரெண்டு தூக்கையும் கூட்டி இவர் எடுத்த டோட்டல் 297.5. லாஸ் ஏஞ்சலஸ்ல அதே பிரிவுல தங்கம் வாங்கின சீனாக்காரர் வூ ஷூட எடுத்தது 267.5. முப்பது கிலோ வித்தியாசம்! நம்ம போட்டியில ரெண்டரை கிலோல தோத்தவன் ஒரு வாரம் சோறு திங்க மாட்டான். தங்கம் யார் கழுத்துல இருந்துச்சு, பளு யார் கையில இருந்துச்சுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

அந்த வருஷம் குளிர்காலத்துலதான் அந்த வேலை ஆரம்பிச்சுது. ஷிவ்கோவ் ஆட்சி, கம்யூனிஸ்ட் கவர்மெண்ட், பல்கேரியாவுல துருக்கியரே கெடையாது, எல்லாரும் ஆதியில பல்கேரியருங்கதான், நடுவுல பேர மாத்திட்டாங்க, இப்ப நாங்க திருப்பி மாத்துறோம்னு சொல்லிட்டு ஊர் ஊரா போலீசும் பட்டாளமும் வந்து சுத்தி வளைச்சுது, மேஜை போட்டு உக்காந்துட்டு லிஸ்ட்ட நீட்டுறாங்க, இதுல இருக்கிற பேர்ல ஒண்ண எடுத்துக்கோ. எட்டு லட்சத்துக்கும் மேல ஜனங்களுக்கு சில மாசத்துல பேர மாத்திட்டாங்க. தெருவுல துருக்கி பேசினா அபராதம். இடுகாட்டுல கல்லுல செதுக்கியிருந்த பேரைக்கூட விட்டு வெக்கல. செத்தவனுக்குப் புதுப்பேரு வெச்சு என்ன பண்ணப்போறாங்க? வெச்சாங்க.

உலக ரெகார்டு வெச்ச ஆளுக்கும் அதே கதிதான். நயீம் சுலைமானோவ், சுலைமானோலுவ பல்கேரியாவுல அப்படித்தான் எழுதுவாங்க, அந்தப் பேர எடுத்துட்டு நாவும் ஷலமானோவ்னு வெச்சுட்டாங்க. 1985, 86 ரெண்டு வருஷமும் உலக சாம்பியன்ஷிப் தங்கம் இவருதான், ரெண்டுமே பல்கேரியாவுக்கு, அந்தப் புதுப்பேர்ல. கொஞ்சம் நெனச்சுப் பாருங்க, பிளாட்ஃபார்முக்கு வரச்சொல்லி அனவுன்ஸ்மெண்ட் வருது, நம்ம பேரில்லாத ஒரு பேர், அதுக்கு எழுந்து போகணும். க்ளாக் ஓடிட்டிருக்கு. போகலைன்னா அந்த லிஃப்ட் போச்சு.

1986 டிசம்பர், ஆஸ்திரேலியா, மெல்போர்ன். வேர்ல்ட் கப் ஃபைனல். ஆளுக்கு 19 வயசு. போட்டி முடிஞ்சு டீம் எல்லாம் விருந்துக்குப் போயிருக்கு. டீமோட கூடவே காவலுக்கு ஆளுங்க வருவாங்க, அந்தக் காலத்து கிழக்கு நாட்டு டீம் எல்லாத்துக்கும் அப்படித்தான். இவரு பாத்ரூம் போயிட்டு வரேன்னு எழுந்து போனாரு. வரல. வெளிய மெல்போர்ன்ல இருக்கிற துருக்கிக்காரங்க சில பேரு காத்துட்டு இருந்தாங்க, கூட்டிட்டுப் போயிட்டாங்க. நாலு நாள் தலைமறைவு. அப்புறம் துருக்கித் தூதரகத்துல போய் அடைக்கலம் கேட்டாரு. அங்கேர்ந்து லண்டன், லண்டனுக்கு துருக்கிப் பிரதமர் துர்குத் ஓசால் தன்னோட சொந்த விமானத்த அனுப்பி வெச்சாரு, அங்காராவுல எறங்கின ஒடனே தரையில விழுந்து முத்தம் குடுத்தாரு.

கேக்க சினிமா மாதிரி இருக்கும். ஆனா எனக்கு அந்த பாத்ரூம் போற நடைதான் மனசுல நிக்குது. நாற்காலிய நகத்தி எழுந்திருக்கிறான் ஒரு பையன். அப்பா அம்மா கூடப்பொறந்தவங்க எல்லாம் பல்கேரியாவுல அதே கவர்மெண்ட் கையில இருக்காங்க. இவன் போன செய்தி ஊருக்குப் போனா அவங்கள என்ன பண்ணுவாங்கன்னு தெரியாது. பளு தூக்குறதுல ஒரு நொடி இருக்கு, ஸ்நாட்ச்ல பார இடுப்பு வரைக்கும் இழுத்தாச்சு, இப்ப அதுக்கு அடியில போய் உக்காரணும், பார் மேல தொங்குதா கீழ வருதான்னு தெரியாத நேரம். நிறைய பசங்க அங்கதான் தயங்குவீங்க. பயந்தா பார் தலைக்கு முன்னாடி விழும். இந்தப் பையன் எழுந்து நடந்தானே, அது அந்த நொடி மாதிரின்னு எனக்குத் தோணும், கோச்சு புத்தி, எதப் பாத்தாலும் ஸ்நாட்ச்சாவே தெரியுது.

அப்புறம் ஒரு சிக்கல். ஒரு நாட்டுலேர்ந்து இன்னொரு நாட்டுக்கு மாறினா ஒலிம்பிக்ஸ்ல எறங்க மூணு வருஷம் காத்திருக்கணும், பழைய நாடு சம்மதிச்சாத்தான் அதுக்கு முன்னாடி முடியும். 1988 சியோலுக்கு ரெண்டு வருஷம்கூட இல்ல. துருக்கி கவர்மெண்ட் பல்கேரியாவுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல பணம் குடுத்து சம்மதம் வாங்குச்சு. ஆமா, காசு குடுத்துத்தான். பல்கேரியா பேர மாத்துச்சு, துருக்கி வெல குடுத்துச்சு. ரெண்டு கவர்மெண்டுக்கும் இவரால ஆதாயம் இருந்துச்சுங்கிறத மறைச்சுட்டு இந்தக் கதைய சொல்றதுல எனக்கு இஷ்டமில்ல. துருக்கிக்கு 1968க்கு அப்புறம் ஒலிம்பிக்ஸ்ல ஒரு தங்கம்கூட இல்ல, அதுவும் அப்ப வந்தது மல்யுத்தத்துல.

சரி, சியோல். 1988 செப்டம்பர் 20. 60 கிலோ பிரிவு. இதுக்குத்தான் நான் இவ்ளோ நேரம் வந்தது, கொஞ்சம் பொறுமையா சொல்றேன், பெத்தவங்களுக்கு கணக்கு புரியணும்.

ஒருத்தருக்கு ஸ்நாட்ச்ல மூணு வாய்ப்பு, க்ளீன் அண்ட் ஜெர்க்ல மூணு வாய்ப்பு. ஸ்நாட்ச்னா ஒரே இழுப்புல தலைக்கு மேல. ஜெர்க்னா மொதல்ல தோளுக்கு, அப்புறம் தலைக்கு மேல. ரெண்டுலயும் பெஸ்ட் எடுத்துக் கூட்டினா டோட்டல். பார்ல எடை ஏறுமே தவிர எறங்காது, கம்மியா கேட்டவன் மொதல்ல வருவான், அதிகமா கேட்டவன் உள்ள உக்காந்து காத்திருப்பான்.

அந்தப் போட்டியில வெள்ளி வாங்கினவர் ஸ்டெஃபான் தோபுரோவ், பல்கேரியா. சாதாரண ஆள் இல்ல, தன்னோட எடையில மூணு மடங்கு ஜெர்க் பண்ண உலகத்தோட மொத மனுஷன், 1983ல மாஸ்கோவுல. நயீமும் அவரும் ஒரே டீம்ல, ஒரே அபாஜியெவ் கிட்ட வளந்தவங்க. சியோல்ல தோபுரோவோட ஸ்நாட்ச் பெஸ்ட் 137.5. நயீம் ஆரம்பிச்சதே 145. அடுத்து 150.5, உலக ரெகார்டு. அடுத்து 152.5, மறுபடி உலக ரெகார்டு. தன் எடையில ரெண்டரை மடங்கு, அதுவும் ஸ்நாட்ச்ல.

ஜெர்க்குல தோபுரோவோட பெஸ்ட் 175, டோட்டல் 312.5. நயீம் மொத ஜெர்க்கா அதே 175 கேட்டாரு, தூக்கிட்டாரு, 327.5. தங்கம் அங்கயே முடிஞ்சுது. பையப் பூட்டிட்டு பிரியாணி சாப்பிடப் போயிருக்கலாம், நானா இருந்தா போயிருப்பேன். அந்த ஆளு 188.5 கேக்குறாரு. பதிமூணரை கிலோ தாவல்! தூக்கினாரு. அப்புறம் 190.

190ன்னா என்னன்னு சொல்றேன். சிமெண்ட் மூட்டை அம்பது கிலோ, நாலு மூட்டைக்குப் பத்து கிலோ கம்மி. இல்லேன்னா வெளிய நிக்குதே நம்ம செக்ரட்டரியோட புல்லட், ஏறக்குறைய அது. அந்த புல்லட்ட மைக் ஸ்டேண்ட் உயரத்துல ஒருத்தர் தோளுக்கு எடுத்து, மூச்சு விட்டு, தலைக்கு மேல தள்ளி, கால ஒண்ணா சேத்து அசையாம நிக்கிறாரு. மூணு நடுவரும் சரின்னு போட்ட மூணு வெள்ளை லைட். அவர் எடையில மூணு மடங்குக்கு மேல பத்து கிலோ. டோட்டல் 342.5. ரெண்டாவது ஆளவிட முப்பது கிலோ அதிகம், வார்னாவுல சொன்ன அதே முப்பது, பாருங்க. இதுக்கு அடுத்த எடைப் பிரிவு 67.5 கிலோ, அங்க தங்கம் வாங்கின கிழக்கு ஜெர்மனி யோவாகிம் குன்ட்ஸ் எடுத்தது 340. இவரு அந்தப் பிரிவுல நின்னிருந்தாலும் தங்கம்தான்.

நம்ம கணக்குல சொல்லணும்னா, நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல தங்கம் வாங்கினாரே, 149, 179, மொத்தம் 328, அது 77 கிலோ பிரிவு. சதீஷ குறைச்சு சொல்லல, அந்த 328 என்னன்னு தூக்கிப் பாத்தவனுக்குத் தெரியும், நான் கும்புட்ட கையோட சொல்றேன். பதினேழு கிலோ கம்மி எடையில இருந்துகிட்டு இவர் 342.5. அளவு புரியுறதுக்காக சொன்னேன்.

தங்கம் கையில வந்தப்புறம் எதுக்கு அந்த 188.5, எதுக்கு 190? எங்க செட்ல இதப் பத்தி பேச்சு வரும். பயிற்சியே அப்படி, உச்சத்துக்குப் போகாம ஹால விட்டு வரத் தெரியாது அவங்களுக்குன்னு ஒரு அண்ணன் சொல்வாரு. இருக்கலாம். எனக்கென்னமோ ஸ்கோர்போர்டுல அந்தப் பேரு இன்னும் ரெண்டு தடவ வரட்டும்னு இருந்திருக்கும்னு தோணுது. சுலைமானோட மகன்னு உலகமே பாக்குற மாதிரி. பல்கேரியாவுல டிவி பாக்குற அவங்க ஜனங்க உட்பட. இது என் ஊகம், அவரு சொன்னதா யாரும் எழுதிடாதீங்க.

அதே சியோல்ல பல்கேரியா டீம்ல ரெண்டு தங்கம் வாங்கினவங்க, மித்கோ கிராப்லெவ், ஏஞ்செல் கென்செவ், மருந்து டெஸ்ட்ல மாட்டி தங்கம் பறிபோச்சு, டீமே மூட்டை கட்டிட்டுப் போயிடுச்சு. அந்தக் காலத்து பளுதூக்குதலப் பத்திப் பேசும்போது இதையும் சொல்லாம எறங்கினா நான் உங்கள ஏமாத்தின மாதிரி. 1993ல எடைப் பிரிவு எல்லாத்தையும் மாத்தி பழைய ரெகார்டுங்கள மூடிட்டாங்க, அந்த 190 அப்படியே பெட்டிக்குள்ள இருக்கு. இனிமே அந்தப் பிரிவும் இல்ல, முறியடிக்க ஆளும் இல்ல.

சியோலுக்கு அப்புறம் அவங்க குடும்பமும் துருக்கிக்கு வந்து சேந்துச்சு. அடுத்த வருஷம், 1989 கோடையில, பல்கேரியா எல்லையத் தொறந்து விட்டுச்சு, மூணு லட்சம் பேருக்கு மேல வண்டியில கட்டில், பீரோ, கோழிக்கூண்டுன்னு ஏத்திகிட்டு துருக்கிக்குப் போனாங்க. நவம்பர்ல ஷிவ்கோவ் பதவி போச்சு. அப்புறம் மிச்சம் இருந்தவங்களுக்குப் பழைய பேரத் திருப்பி எடுத்துக்க வழி பண்ணாங்க.

1992 பார்சிலோனா, சீக்கிரம் சொல்லிடறேன், 320 கிலோ, தங்கம், பெரிய போட்டி ஒண்ணும் இல்ல. வெள்ளி வாங்கின பல்கேரியா பையன் பேரு நிகோலாய் பெஷாலோவ், அந்தப் பேர மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில வருவாரு.

1996 அட்லாண்டா, 64 கிலோ. இது வேற கதை. எதிர்ல வாலேரியோஸ் லியோனிதிஸ், கிரீஸ். துருக்கியும் கிரீசும் அந்த வருஷ ஜனவரியிலதான் ஏஜியன் கடல்ல ஆளில்லாத ரெண்டு பாறைத் தீவுக்காக சண்டைக்குப் போற அளவுக்கு வந்திருந்தாங்க. ஹால்ல பாதி பேர் இந்தக் கொடி, பாதி பேர் அந்தக் கொடி. லியோனிதிசும் கிரீஸ்ல பொறந்தவரு இல்ல, சோவியத் யூனியன்ல பொறந்த கிரேக்கரு. வெளியூர்ல பொறந்த ரெண்டு பேரு ரெண்டு நாட்டு மானத்தைத் தூக்கிட்டு நிக்கிறாங்க.

ஸ்நாட்ச்ல நயீம் 147.5, லியோனிதிஸ் 145. ஜெர்க் வந்துச்சு. நயீம் 185, உலக ரெகார்டு. சத்தம் அடங்குறதுக்குள்ள லியோனிதிஸ் 187.5, அந்த ரெகார்டு போச்சு. ரெண்டு பேரும் 332.5. அடுத்து நயீம் வந்து அதே 187.5 தூக்குறாரு, 335. இப்ப லியோனிதிஸ்கிட்ட ஒரு வாய்ப்பு பாக்கி, 190 கேட்டாரு. நம்ம ஆளுங்க வீடியோவ எத்தன தடவ பாத்திருப்போம், ஒவ்வொரு தடவையும் இந்த முறை ஏறிடுமோன்னு தோணும். ஏறல. நயீமுக்கு மூணாவது தங்கம், பளுதூக்குதல்ல தொடர்ந்து மூணு ஒலிம்பிக்ஸ் தங்கம் வாங்கின மொத ஆள். நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போய் அந்த வீடியோ பாருங்க, ரீல்ஸ் பாக்குற நேரத்துல பத்து நிமிஷம்.

அங்கயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. அரசியல்ல நின்னாரு, ஜெயிக்கல. சிகரெட் குடிப்பாரு, எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். 2000 சிட்னி, நாலாவது தங்கத்துக்கு வந்தாரு, வயசு 33. ஸ்நாட்ச்ல ஆரம்பமே 145 கேட்டாரு. போச்சு. மறுபடி 145. போச்சு. மூணாவது 145. அதுவும் போச்சு. மூணும் போனா டோட்டல் இல்ல, பேருக்கு நேரா எண்ணே வராது, போட்டிய விட்டே வெளிய. நான் எப்பவும் கத்துவேன்ல, ஓப்பனர்னா தூக்கத்துலேர்ந்து எழுப்பி விட்டாலும் தூக்குற எடை கேளுடான்னு. என் வாழ்க்கையில ஒரு தடவ இதே மாதிரி மூணையும் விட்டிருக்கேன், எதிர்ல பக்கத்து ஊர்ப் பையன் இருந்தான்னு வீராப்பா அஞ்சு கிலோ ஏத்திக் கேட்டேன், அப்புறம் பஸ்ல வர்றப்போ ஜன்னல் பக்கமே மூஞ்சிய வெச்சுகிட்டு வந்தேன். அதனால அவரக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. 145 அவருக்கு ஒரு காலத்துல வார்ம்அப் முடிஞ்சு வர்ற எடை. உடம்பு மறந்துடுச்சு, மனசு மறக்கல.

அன்னிக்கு அந்தப் பிரிவுல தங்கம் யாருன்னு கேளுங்க. நிகோலாய் பெஷாலோவ். ஆனா பல்கேரியாவுக்கு இல்ல, குரோஷியாவுக்கு! அவரும் நாடு மாறிட்டாரு.

அதே சிட்னியில அதே வாரத்துலதான் நம்ம கர்ணம் மல்லேஸ்வரி 110, 130, மொத்தம் 240 தூக்கி வெண்கலம் வாங்கினாங்க. ஒலிம்பிக்ஸ்ல மெடல் வாங்கின மொத இந்தியப் பொண்ணு. தங்கத்தோட டோட்டல் 242.5, கடைசி வாய்ப்புல 137.5 கேட்டாங்க, விட்டுட்டாங்க. 132.5 கேட்டிருக்கலாமான்னு டீக்கடையில நாங்க போட்ட சண்டை இன்னும் முடியல, அதை இங்க ஆரம்பிச்சா விழா முடியாது.

நயீமுக்கு கல்லீரல் கெட்டுப்போச்சு. 2017 அக்டோபர்ல மாற்று அறுவை சிகிச்சை பண்ணாங்க, நவம்பர் 18 இஸ்தான்புல்ல இறந்துட்டாரு. அம்பது வயசு. அடக்கத்துக்கு கிரீஸ்லேர்ந்து லியோனிதிஸ் வந்திருந்தாரு. துருக்கிக் கொடி போத்தின பெட்டி, அந்தக் கொடிமேலயே குனிஞ்சு முத்தம் குடுத்தாரு. அட்லாண்டா ஹால்ல எந்தக் கொடிய எதுத்து நின்னாரோ அதே கொடி.

சரி. செக்ரட்டரி வாட்ச்ச காட்டுறாரு. அந்தப் பையன் எங்க, சர்டிஃபிகேட் கேட்டவன்? பின்னாடி நிக்கிறியா, வா முன்னாடி. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நானே உன்கூட வரேன், ஆதார் அட்டை எடுத்துட்டு வா, எழுத்து மாத்திக் குடுக்குற வரைக்கும் அங்கயே உக்காந்திருப்போம். இப்ப 55 கிலோ பசங்க எல்லாம் எடை போட உள்ள போங்க, எவனாவது இப்ப போய் தண்ணி குடிச்சீங்க, தொலைச்சுடுவேன்.